தொள்ளாயிரம் வயதுப் பொம்மை

என்னிடம் நாற்பது துவாரெக்குகள் இருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் அளவு, உலோக வார்ப்பு. இருபத்தைந்து பேர் தரையில், பதினைந்து பேர் ஒட்டகத்தில். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வெளிநாட்டிலிருந்து தருவித்தவை. சுங்க வரி கட்டியபோது வயிறு எரிந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நீலம் பூசினேன். முகத்திரையின் மடிப்புக்கு ஒரு நீலம், அங்கியின் நிழலுக்கு இன்னொரு நீலம்.

செலவழித்த காசுக்கு உழைக்க வேண்டாமா? உழைத்தார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் 1086இல் ஸ்பெயினின் சல்லாகா போரில் அல்முராவிதுகளாக நின்றார்கள். 1591இல் தொந்திபியில் சொங்காய் படைக்குத் துணைப்படை. 1894இல் திம்புக்டு அருகே பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கினார்கள். 1916இல் அகாதெஸை முற்றுகையிட்டார்கள். போன மாதம் நண்பன் ஒருவன் அவர்களை டொயோட்டா பிக்கப் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இது 2012, மாலி” என்றான். கையில் அதே வாள், அதே தோல் கேடயம்.

“டேய், இயந்திரத் துப்பாக்கி வச்ச வண்டிக்குப் பக்கத்துல வாளோட எவன்டா நிப்பான்?” என்றேன்.

“பொம்மைடா அது. ஏன் இவ்வளவு சீன் போடுற? பாலைவனத்துல என்ன பெருசா மாறிடப் போகுது?”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில். அவனைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. 1086ஐயும் 1916ஐயும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவனே நான்தான்.

முதலில் எதிர்த்தரப்பு வாதத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் உண்டு. இது விலை கூடிய பொழுதுபோக்கு. ஒவ்வொரு போருக்கும் புதுப் படை வாங்க நம்மில் யாருக்கும் வசதியில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்து ஆடுவது இந்த விளையாட்டில் வழக்கம்தான். சரி. ஆனால் அந்தச் சலுகையை நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கவனியுங்கள். அதே மேசையின் மறுபக்கம் பிரெஞ்சுப் படை. 1894க்கு ஒரு தொகுதி, 1916க்கு வேறு. பிரெஞ்சு ராணுவம் 1915இல்தான் வெளிர்நீலச் சீருடைக்கு மாறியது, அது சகாராவுக்கு எப்போது வந்தது என்று எங்கள் குழுவில் இரண்டு வாரம் சண்டை நடந்தது. தொப்பி, பொத்தான், துப்பாக்கியின் மாடல் எல்லாவற்றுக்கும் சண்டை. துவாரெக் பக்கம் ஒரு கேள்விகூட எழவில்லை. ஒரு பக்கத்துக்கு வருஷா வருஷம் வரலாறு நடக்கிறது. இன்னொரு பக்கம் மணல்மேடு மாதிரி அங்கேயே கிடக்கிறது.

சரி, உண்மையில் என்ன மாறியது?

1086 துவாரெக்கின் போரே அல்ல. அல்முராவிதுகள் முகத்திரை அணிந்த சன்ஹாஜா பெர்பர்கள். இன்றைய மொரித்தானியாவின் பக்கத்திலிருந்து எழுந்து மொராக்கோவைப் பிடித்து, யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் தலைமையில் ஸ்பெயினுக்குள் போனவர்கள். அவர்களுடைய படை வரிசையாக நின்று போரிடும் என்றும், முன்வரிசையில் நீண்ட ஈட்டிகள் இருக்கும் என்றும் அதே நூற்றாண்டில் அல்-பக்ரி எழுதியிருக்கிறார். நாங்களோ ‘தாக்கிவிட்டு ஓடும் பாலைவனக் கொள்ளையர்’ என்ற விதியில் அவர்களை ஆட்டினோம். திரையைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை.

1881இல் ஃபிளாட்டர்ஸின் பயணக்குழு அழிக்கப்பட்டதிலிருந்து 1902 வரை என் பெட்டி ஓரளவு பொருந்தும். ஆனால் அதிலும் ஓட்டை. நாற்பது பேரும் நீலத்தில் ஜொலிக்கும் பிரபுக்கள். அவுரிச் சாயம் ஏற்றி, பளபளக்கும் வரை அடித்தெடுத்த துணி விலை உயர்ந்தது. எல்லோரும் அதைக் கட்டவில்லை, வெள்ளை கட்டியவர்கள் உண்டு. பிரபுக்களுக்குக் கீழே கப்பம் கட்டும் இம்காத் குலங்கள், வாளும் சேணமும் செய்த இனாதென் கொல்லர்கள், அவர்களுக்கும் கீழே அடிமைகள். இவர்கள் யாரும் என் பெட்டியில் இல்லை. நைஜர் ஆற்று வளைவில் இருந்தவர்களிடம் குதிரைகளும் இருந்தன. நாங்கள் எல்லோரையும் ஒட்டகத்தில் ஏற்றிவிட்டோம்.

1902 மே 7, தீத் போர். அஹகார் மலைப்பகுதித் துவாரெக்குகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறந்தார்கள். வென்றது ‘பிரான்ஸ்’ என்று எங்கள் மதிப்பெண் அட்டையில் எழுதியிருக்கிறது. லெப்டினன்ட் கொத்தனெஸ்ட் அழைத்துப்போனது இன் சாலா பக்கத்துப் பாலைவன மக்களிலிருந்து திரட்டிய ஒட்டகப் படையை. மேசையில் நாங்கள் நிறுத்தியது தொப்பி போட்ட லீஜன் வீரர்களை! ‘போ ஜெஸ்ட்’ படம் மனதில் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1916க்கு வந்தால் வாள் பொம்மை பொய்யே சொல்கிறது. அகாதெஸை முற்றுகையிட்ட கவோசென், சனூசிகளோடு சேர்ந்து இத்தாலியர்களை எதிர்த்துப் போர் பழகியவர். அவர் ஆட்களிடம் துப்பாக்கிகள் இருந்தன, இத்தாலியர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கியும் இருந்தது. முற்றுகை ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. அதே காலத்தில் அஹகாரின் தலைவர் மூசா அக் அமாஸ்தான் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்றார். ஆக, துவாரெக் என்று ஒரு பக்கமே கிடையாது. யார், எந்தக் கூட்டமைப்பு, எந்த வருஷம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பிறகு மாலி 1960இல் சுதந்திரம் பெற்றது. 1963–64 கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. 1970களிலும் 80களிலும் வந்த வறட்சி மந்தைகளைக் கொன்றது. ஒட்டகமும் ஆடும் இழந்த இளைஞர்கள் வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போனார்கள். அவர்களுக்கு ‘இஷுமார்’ என்று பெயர் வந்தது, வேலையில்லாதவர் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. கடாஃபியின் முகாம்களில் சிலர் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். அதே முகாம்களில் கிட்டார் வாசித்தவர்களின் இசைக்குழு தினாரிவென் 2012இல் கிராமி விருது வாங்கியது. அதே 2012 ஏப்ரல் 6இல் அசவாத் என்ற தனிநாடு அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் அறிவித்தவர்களைத் துரத்தியவர்களில் முக்கியமானவர் இயாத் அக் காலி. அவரும் துவாரெக், 1990 கிளர்ச்சியின் தலைவர். மாலி ராணுவத்தின் பக்கம் நின்ற தளபதி அல்ஹாஜி அக் காமூவும் துவாரெக்.

“என்ன பெருசா மாறிடப் போகுது?”

வேலையில்லாத் திண்டாட்டத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை எடுத்த முடிவை, நாங்கள் வாள் சுழற்றும் பொம்மையை வைத்து ஆடினோம். அப்படி ஆடும்போது அந்தச் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போகிறது. எல்லைக்கோடு, வறட்சி, நசுக்கப்பட்ட கிளர்ச்சி எதுவும் வேண்டாம், ‘அவங்க எப்பவுமே அப்படித்தான்’ என்றால் போதும். ஒரு ஜனத்தைப் பற்றி ‘எப்பவுமே அப்படித்தான்’ என்று சொல்வது அவர்கள் கோரிக்கையைக் கேட்காமலிருக்க மிகச் சுலபமான வழி. காலனி அதிகாரிகள் அதை அறிக்கையில் செய்தார்கள். நாங்கள் பகடை உருட்டிச் செய்தோம். 2012இல் வீடு விட்டு ஓடியவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம், அது நம் பக்கம் பாவத்தைக் கூட்டுகிறது.

“அப்போ ஆடவே கூடாதா?” என்று கேட்பீர்கள். ஆடுங்கள். நான் சொல்வது செலவில்லாத விஷயம். என் நாற்பது பேரில் பதினைந்து பேருக்கு வெள்ளை பூசிவிட்டேன். இந்தப் பெட்டி இனி 1881 முதல் 1902 வரை மட்டும். 1916 ஆட வேண்டுமென்றால் துப்பாக்கி ஏந்திய பத்துப் பேர் வரும்வரை காத்திருப்போம், அல்லது அட்டையை வெட்டிப் பெயர் எழுதி நிறுத்துவோம். எழுதிய அட்டைத் துண்டு தான் பொம்மையில்லை என்று ஒப்புக்கொள்கிறது, தவறான பொம்மைக்கு அந்த நேர்மை கிடையாது. சல்லாகாவுக்கு வேறு படை, வேறு விதி. 2012ஐ நான் ஆடப் போவதில்லை. நண்பன் ஆடுவான் என்றால், எந்தப் பக்கம் யார், ஏன் வந்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு அவன் வந்தான். “அந்த இஷுமார் மேட்டர் படிச்சேன்டா,” என்றான். பிக்கப் வண்டிகளைக் கொண்டுவரவில்லை. தீத் ஆடினோம். இந்த முறை இரண்டு பக்கமும் ஒட்டகத்தில் பாலைவனத்து ஆட்கள், நடுவில் ஒரே ஒரு பிரெஞ்சு லெப்டினன்ட். யார் எந்தப் பக்கம் என்று குழம்பாமலிருக்க பேஸில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது.