தோட்டம் அவரோடது... வானம் யாரோடது?

மக்களே, கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தின காலம் போய், கேமராவே ஊர் சுத்துற காலம் வந்தாச்சு. கல்யாணத்துல 'ஹெலிகேம்' வரலைன்னா மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் தொங்கிடுது. நாலு பேர் காசு போட்டு ஒரு குட்டி ட்ரோன் வாங்கிட்டா, அடுத்த லீவுக்கு எங்கே போவீங்க? தேனி பக்கம்னா சந்தேகமே வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்குதான். ரெண்டு பக்கமும் மலை, நடுவில் முல்லைப் பெரியாறு, நெல் வயல், வாழை, தென்னை. இடையிடையே பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி திராட்சைப் பந்தல். மேலேர்ந்து பார்த்தா அள்ளும்!

கீழேர்ந்து பார்த்தா?

அஞ்சு நிமிஷம் நீங்களே அந்தத் தோட்டக்காரர்னு வெச்சுக்குங்க. பந்தலுக்கு அடியில் அக்காமார்கள் பழம் பறிச்சுக்கிட்டு இருக்காங்க. மோட்டார் ரூம் தொட்டியில் வீட்டுப் பெண்கள் குளிக்கிறாங்க. திடீர்னு தலைக்கு மேல 'ங்ங்ங்'னு ஒரு சத்தம். ஒண்ணு வந்து நிக்குது, போக மாட்டேங்குது. வேலி தாண்டி ஒரு ஆள் வந்தா, "யாருப்பா நீ, என்ன வேணும்?"னு கேட்கலாம். இதுகிட்ட என்ன கேட்கிறது? பறக்கவிட்டவர் எங்கேயோ ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கார். பறந்தது கூட ரெண்டாம் பட்சம். கேள்வி கேட்க எதிரில் ஆள் இல்லைங்கிறதுதான் அவருக்கு எரிச்சல்.

"என் நிலத்துக்கு மேல பறக்காதே"ன்னு அவர் சொன்னா, அதுக்குச் சட்டத்தில் இடம் இருக்கா? பழைய காலத்தில், நிலம் யாருதோ அதுக்கு மேல ஆகாயம் வரைக்கும் அவருதுன்னு ஒரு கொள்கை இருந்துச்சு. ஏரோப்ளேன் வந்து அதைக் கெடுத்துடுச்சு. அமெரிக்காவில் காஸ்பினு ஒரு கோழிப்பண்ணைக்காரர். ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு மேல 83 அடி உயரத்தில் பறந்ததில், மிரண்டு முட்டி மோதியே சுமார் 150 கோழி செத்துப்போச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. ஆகாயம் வரைக்கும் உரிமைங்கிற பேச்சு இந்தக் காலத்துக்கு ஆகாதுன்னு 1946-ல் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா, நிலத்தை நிம்மதியா அனுபவிக்க எவ்வளவு உயரம் வேணுமோ அவ்வளவு காஸ்பிக்குச் சொந்தம்னும் சேர்த்துச் சொன்னது. மனுஷன் ஜெயிச்சார்.

இங்கிலாந்தில் இன்னும் சுவாரஸ்யம். டி.வி. கம்பெனி நடத்தின பெர்ன்ஸ்டீன் பிரபுவோட வீட்டை விமானத்திலிருந்து போட்டோ எடுத்து, அவர்கிட்டயே விற்க வந்தாங்க. அவர் கேஸ் போட்டுத் தோற்றார். ஆனா 1977 தீர்ப்பில் நீதிபதி ஒரு கொக்கி வெச்சார். ஒரு தடவை எடுத்தது அத்துமீறல் இல்லை. ஒருத்தரை விடாம வானத்திலிருந்து கண்காணிச்சுப் படம் எடுத்தா அது தொல்லைதான், கோர்ட் சும்மா இருக்காதுன்னார்.

நம்ம ஊருக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைக்கும் 'நானோ', அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் 'மைக்ரோ'. நானோவுக்கும், காசு வாங்காம பொழுதுபோக்கா ஓட்டுற மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோன்னா மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேணும். 'டிஜிட்டல் ஸ்கை' மேப்பில் பச்சைன்னு காட்டுற இடத்தில் 400 அடி வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. விதியை மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம்.

"அப்புறம் என்ன, பச்சைதானே... கிளப்பு மச்சி!"னு கிளம்பிடாதீங்க. அந்தப் பச்சை, விமானத்தோட மோதாம இருக்கிறதுக்காகப் போட்ட கணக்கு. தொட்டியில் குளிக்கிறவங்களைக் கேட்டுப் போட்டது இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொல்லியாச்சு. ஒரு பெண் அந்தரங்கமா இருக்கிறதைத் தெரியாம படம் பிடிச்சா, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாம, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். கேமரா செல்போனில் இருந்ததா, றெக்கை கட்டிப் பறந்ததான்னு சட்டம் பார்க்காது.

தனியார் தோட்டத்துக்கு மேல ட்ரோன் விட்டா என்ன ஆகும்னு கம்பத்துக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். 2023 மே 27 ஞாபகம் இருக்கா? அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ளேயே வந்துடுச்சு. ஊரெல்லாம் 144 தடை. அலைஞ்சு களைச்ச யானை ஒரு புளியந்தோப்பில் அமைதியா நின்ன நேரம், ஒரு யூடியூபர் வீடியோ ஆசையில் ட்ரோனை மேல ஏத்தினார். சத்தத்தில் மிரண்ட யானை அங்கேர்ந்து ஓடிப்போச்சு. யூடியூபர் மாட்டிக்கிட்டார். யானையால ஓட முடிஞ்சது. தோப்புக்குச் சொந்தக்காரர் எங்கே ஓடுவார்? பக்கத்து மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம் வேற. அங்கே வனத்துறை அனுமதி இல்லாம ட்ரோனைப் பையை விட்டு வெளியே எடுக்கிற எண்ணமே வேண்டாம்.

தோட்டக்கார அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. கவண்கல், கம்பு எடுத்து ட்ரோனை அடிச்சு இறக்கினா, அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்தின கேஸ் உங்க பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு, லித்தியம் பேட்டரியோட அது விழப்போறது உங்க ஆளுங்க தலையில்தான். நேரத்தைக் குறிச்சு வைங்க, செல்லில் படம் எடுங்க, ஸ்டேஷனில் சொல்லுங்க. ஓட்டுறவர் ரொம்ப தூரத்தில் இருக்க மாட்டார், தேடினா கிடைப்பார்.

பைலட் தம்பி, தங்கச்சிகளுக்கு... சட்டம் கேட்காத ஒண்ணை நீங்களே செய்யலாம். கிளப்புறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குள்ள நடந்து போங்க. "அண்ணே, காலேஜ் பசங்க. பத்து நிமிஷம் பந்தலை மேலேர்ந்து படம் எடுத்துக்கலாமா?"னு கேளுங்க. வேண்டாம்னா வண்டியைத் திருப்புங்க. சரின்னா, எடுத்ததை அவருக்குப் போட்டுக் காட்டுங்க. எந்த மூலையில் தண்ணி பாயலை, எந்த வரிசையில் இலை பழுத்திருக்குன்னு அவர் ஒரே பார்வையில் கண்டுபிடிச்சிடுவார். உங்களுக்கு ரீல்ஸ், அவருக்கு அது விவசாயம்.

இன்னொண்ணு. ஆடி மாசக் காத்து இந்தப் பள்ளத்தாக்கில் சும்மா வீசாது. கால் கிலோ பொருளை அலேக்கா தூக்கிட்டுப் போயி யாரோ ஒருத்தர் பந்தல் மேல போட்டுடும். அதை எடுக்க அதே வேலியைத்தான் நீங்க தாண்டணும். முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா, அண்ணனே ஏணியைத் தூக்கிட்டு வருவார்!