'முப்பது வயசாச்சு, இன்னுமா கேம்?' - பெரியவர்கள் வீடியோ கேம் ஆடினால் ஏன் இத்தனை சங்கடம்?

பெண் பார்க்கப் போன இடம். பஜ்ஜி, கேசரி எல்லாம் வந்தாச்சு. "தம்பிக்கு பொழுதுபோக்கு என்ன?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்கிறார். கிரிக்கெட் என்றால் தலையாட்டுவார். வெப் சீரிஸ் என்றால் கண்டுகொள்ள மாட்டார். புத்தகம் வாசிப்பேன் என்றால் எக்ஸ்ட்ரா மார்க். "பிஎஸ்5-ல கேம் ஆடுவேன் அங்கிள்" என்று அந்த இடத்தில் சொல்லக்கூடிய மாப்பிள்ளை எத்தனை பேர்? ஆடுகிறவர்கள் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள். வெளியே சொல்கிறவர்கள்தான் குறைவு.

ஆபீஸிலும் இதே கதைதான். திங்கட்கிழமை காலை "வீக்எண்ட் என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்கு, இரண்டு நாளும் 'எல்டன் ரிங்' ஆடியவர் "சும்மா வீட்லதான், ரெஸ்ட்" என்று முடித்துக்கொள்கிறார். பக்கத்து சீட்டில் எட்டு எபிசோட் சீரியஸாகப் பார்த்து முடித்தவர் மட்டும் கதையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டும் திரை முன்னால் கழிந்த நேரம்தான். ஆனால் ஒன்று ரசனை, இன்னொன்று சின்னப்புள்ளத்தனம். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

பாரில் பிறந்தது, பொம்மைக் கடைக்குப் போனது

வீடியோ கேம் குழந்தைகளுக்காகப் பிறந்ததே இல்லை. 1972-ல் அடாரி நிறுவனம் தன் 'பாங்' கேம் மெஷினை முதன்முதலில் வைத்துப் பார்த்த இடம், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த ஒரு மதுக்கூடம். காசு போட்டு ஆடியவர்கள் எல்லாம் வேலை முடிந்து வந்த பெரியவர்கள்.

பத்தாண்டுகளில் கதை மாறியது. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை அப்படியே சரிந்தது. கடைக்காரர்கள் கேம் என்றாலே வாங்கி அடுக்கப் பயந்தார்கள். அப்போது உள்ளே வந்த ஜப்பானின் நின்டென்டோ, 1985-ல் தன் கருவியை ஒரு குட்டி ரோபோவுடன் சேர்த்துப் பொம்மை மாதிரி விற்றது. கேம் சாதனங்கள் பொம்மை ஷெல்ஃபுக்குப் போயின. விளம்பரங்களில் சிறுவர்கள் நிறைந்தார்கள். 'இது பசங்க சமாச்சாரம்' என்ற முத்திரை பெருமளவு கடைக்காரர்களைச் சமாளிக்கப் போட்ட வியாபாரத் திட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

நம் ஊருக்கு வந்தபோது அந்த முத்திரையும் கூடவே வந்தது. தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்பது முழுப்பரீட்சை லீவுக்கு வாங்கிக் கொடுக்கும் பொருள். கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து ஊதிவிட்டுப் போட வேண்டும், நினைவிருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அது பரண் மேல் ஏறிவிடும். அடுத்த தலைமுறைக்கு பிரவுசிங் சென்டர். கவுன்ட்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி எல்லாம் ட்யூஷனைக் கட் அடித்து ஆடியவை. ஆக, நம் வீடுகளின் நினைவில் கேம் என்பது ஒன்று லீவுக்கானது, இல்லையென்றால் திருட்டுத்தனமாகச் செய்வது. வேலை, கல்யாணம், இஎம்ஐ என்று வந்தபிறகும் ஒருவர் அதைத் தொட்டால், பரணில் ஏறியதை யாரோ இறக்கிவிட்டார்கள் என்றுதான் வீட்டுக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் பெரியவர்கள் விளையாடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பழைய கோயில் மண்டபங்களின் தரையிலேயே ஆடு புலி ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் பாட்டிமார்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேரம் போர்டைச் சுற்றி வேட்டி கட்டிய பெரியவர்கள் நின்றால் யாரும் 'வயசாச்சே' என்று சொல்வதில்லை. ஆனால் மொழியில் மட்டும் ஒரு சந்தேகம் எப்போதுமே இருந்திருக்கிறது: 'விளையாட்டுத்தனம்' என்றால் பொறுப்பின்மை, 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் உருப்படாதவன், 'விளையாடுறியா?' என்றால் அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

தாயத்துக்கு இல்லாத பிரச்னை கேமுக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாயம் நாலு பேர் சேர்ந்து ஆடுவது, திண்ணையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கலாம். ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் ஆடும்போது உள்ளே நான்கு நண்பர்களோடு அவர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஹாலில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குக் கேட்பதெல்லாம் 'பின்னாடி ஒருத்தன் வர்றான், சுடு சுடு' என்ற சத்தம்தான்.

ரம்மியும் கேம்தான், மாரியோவும் கேம்தானா?

தமிழ்நாட்டில் 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லுக்கு ஒரு கனம் ஏறியிருப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை, சேமிப்பை, நகைக்கடன் பணத்தை விட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் வரிசையாக வந்த வருஷங்களை யாரும் மறந்திருக்க முடியாது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என்.ரவி அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை லாகின் கூடாது என்று விதிகள் வந்தன. அதே ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது.

இது எல்லாமே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றியது. ஆனால் செய்தித் தலைப்பில் 'ஆன்லைன் கேம்' என்றுதான் போகிறது. அதை வாசிக்கும் அப்பா, பக்கத்து ரூமில் 'ஃபிஃபா' ஆடும் மகனைப் பார்த்து "நீயும் காசு விடுறியாடா?" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இந்தக் குழப்பத்தைச் சொல் அளவிலாவது பிரித்து வைத்தது. பணம் வைத்து ஆடுவது ஒரு வகை. அதை நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. இ-ஸ்போர்ட்ஸ் தனி வகை. பொழுதுபோக்குக்காக ஆடும் கேம்கள் இன்னொரு வகை. இந்த இரண்டையும் வளர்க்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. இதில் இழுபறியும் உண்டு: காசு கொடுத்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாத 'லூட் பாக்ஸ்' மாதிரியான விஷயங்கள், சாதாரண கேம்களுக்குள்ளேயே சூதாட்ட வாசனையைக் கொண்டுவந்திருக்கின்றன. கோடு அவ்வளவு சுத்தமாக இல்லை.

அரசாங்கங்களே இந்த விஷயத்தில் தலைகீழாகப் புரண்டிருக்கின்றன. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜிக்குப் போலீஸ் தடை விதித்தது. மீறி ஆடியதாகக் கல்லூரி மாணவர்கள் உட்பட சிலரைக் கைதும் செய்தது. ஆமாம், போனில் கேம் ஆடியதற்குக் கைது. அதே ஆண்டு ஜனவரியில், மகன் ஆன்லைன் கேமே கதி என்று கிடக்கிறான் என ஒரு தாய் சொன்னபோது, 'பப்ஜி பையனா?' என்று பிரதமர் மோடி கேட்டது அரங்கையே சிரிக்க வைத்தது. 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரலில் அதே பிரதமர் பிரபல கேமர்களை அழைத்து, அவர்களோடு உட்கார்ந்து கேம் ஆடிப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் கேலியிலிருந்து போட்டோவுக்கு!

ஆனால் இந்த அங்கீகாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் என்றால் மெடல், ஸ்ட்ரீமிங் என்றால் வருமானம். 'அதில காசு வருதாம்பா' என்றதும் எதிர்ப்பு பாதி கரைகிறது. காசும் வராமல், மெடலும் வராமல், ராத்திரி ஒன்பது மணிக்குச் சும்மா சந்தோஷத்துக்கு ஒரு மணி நேரம் ஆடுகிற அக்கவுன்ட்டன்ட்டுக்கு இதனால் எதுவும் மாறவில்லை. 49,990 ரூபாய் விலையில் 2021-ல் இந்தியாவுக்கு வந்த பிஎஸ்5-ஐ அவர் வாங்கினால் வெட்டிச் செலவு. அதே காசுக்குப் புது போன் வாங்கினால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

யார்தான் ஆடுகிறார்கள்?

அமெரிக்காவின் கேம் நிறுவனங்களின் அமைப்பான இஎஸ்ஏ 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே கேம் ஆடுகிறவரின் சராசரி வயது 36. நம்மூரில் லாக்டவுனில் லூடோ கிங் ஆடாத வீடு இருந்ததா? மின்சார ரயிலில் கேண்டி க்ரஷ் ஆடிக்கொண்டே தாம்பரம் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், "நானா? கேமரா? சேச்சே" என்பார்கள். ஆடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. 'கேமர்' என்ற பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதில்தான் கூச்சம்.

பெண்களுக்கு இது டபுள். வீட்டில் 'பொம்பளப் பிள்ளைக்கு இதென்ன பழக்கம்'. கேமுக்குள் போனால் குரலைக் கேட்டதும் ஆரம்பிக்கும் ஆபாசப் பேச்சு. மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு, ஆண் பெயர் வைத்துக்கொண்டு ஆடும் பெண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணமாகி குழந்தையும் வந்துவிட்டால், அம்மா தனக்கென்று ஒரு மணி நேரம் எடுப்பதே குற்றம். அதைக் கேமுக்கு எடுப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்போ அடிக்‌ஷன் என்பது பொய்யா?

பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப்போவது. மற்ற வேலை, உறவு எல்லாவற்றையும் விட கேம் முன்னால் வந்து நிற்பது. கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ படிப்பையோ தீவிரமாகப் பாதித்தால்தான் அது நோய். கேம் ஆடுகிறவர்களில் சிறு பகுதியினருக்கே இது வருகிறது என்கிறது அந்த நிறுவனம். தினமும் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு இந்த வரையறையில் இல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆடியவர்கள் சொன்ன கணக்கை நம்பாமல், ஏழு கேம்களின் நிறுவனங்களிடமிருந்தே நேரக் கணக்கை வாங்கி, கிட்டத்தட்ட 39,000 பேரை ஆறு வாரம் கவனித்தார்கள். ஆடும் நேரம் கூடுவதாலோ குறைவதாலோ மனநலத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏன் ஆடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. பிடித்து ஆடியவர்கள் நன்றாக உணர்ந்தார்கள். ஆடியே ஆக வேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்கள் அப்படி உணரவில்லை.

கேம் ஆடுகிறவர்கள் இதைக் காட்டி, வீட்டில் வரும் எல்லாப் புகாரையும் தள்ளிவிடவும் முடியாது. குழந்தை அழும்போது 'ஆன்லைன் மேட்ச், பாஸ் பண்ண முடியாது' என்றால், மனைவியின் கோபம் சமூகக் களங்கம் ஆகாது. அது வீட்டு வேலையைப் பங்கு போடுவது பற்றிய நியாயமான சண்டை. ஐபிஎல் பார்த்துக்கொண்டே நகராதவரிடமும் அதே சண்டை வரும், வரவும் வேண்டும்.

மறைத்து ஆடுவதில் உள்ள ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'நாலு மணி நேரம் ஆடுறேன், விட முடியல' என்று சொல்ல வேண்டியவர், 'இந்த வயசுல கேமா' என்ற பதிலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். வேலை போனது, காதல் முறிந்தது, தூக்கம் வராதது என்று பல நேரம் கேமுக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். கேமையே சொல்ல முடியாதவர் அதை எங்கே சொல்வார்? கடன் வாங்கி ரம்மி ஆடியவர்களில் பலரின் விஷயமும் கடைசிவரை வீட்டுக்குத் தெரியாமல்தான் இருந்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. கேம், சோஷியல் மீடியா என டெக்னாலஜிப் பழக்கம் கட்டுமீறிப் போனதாக நினைப்பவர்கள் எந்த வயதிலும் போகலாம். நேரில் போகத் தயங்குகிறவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது.