ஐப்பசி மழைக்குள் மேய்க்காலில் விதை விழ வேண்டும், தோழர்களே!

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கிடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாரே! பகலில் பட்டாசு ஆலைக்குப் போய்விட்டு வீட்டில் நாலு குட்டியையும் வளர்க்கும் மதினிமாரே! புரட்டாசி பிறந்துவிட்டது. அடைமழைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அதற்குள் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். தவறினால் அடுத்த ஐப்பசி வரை வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேய்க்கால் புறம்போக்கில் இப்போது என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். வேலிக்கருவை நிற்கிறது. அது இல்லாத இடத்தில், ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும் கொழுஞ்சியும் ஆவாரையும். மிச்சத்தில் ஊசிப்புல், செம்மறி ரோமத்தில் ஏறி, தோலைக் குத்தி, வாயைப் புண்ணாக்கும் சனியன். கொழுக்கட்டைப்புல் எங்கே? நரிப்பயறு எங்கே? நம் ஆடுதான் தின்றது. ருசியானதைத்தான் ஆடு முதலில் கடிக்கும். பூக்குமுன் கடிபட்ட செடி விதை விடாது, அடுத்த வருசம் அந்த இடத்தில் முளைக்காது. வருசம் முழுக்க ஒரே காட்டில் ஓட்டினால் ஆடு ஒதுக்கியது மட்டும்தான் மிஞ்சும்.

மழை இல்லை என்று வானத்தைத் திட்டிப் பழகிவிட்டோம். நம் மாவட்டத்துக்கு வருசத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு. முயல் மசால் என்ற பயறுச் சாதித் தீவனச் செடி 450 கிடைத்தாலே தாக்குப்பிடிக்கும். குறை மண்ணில் இருக்கிறது, அதற்கு நாமும் காரணம். பகலெல்லாம் மேய்க்காலில் மேய்த்து, ராத்திரி கிடையைப் பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் அமர்த்தினோம். சம்சாரிக்கு எரு கிடைத்தது, நமக்குக் கூலி கிடைத்தது. மேய்க்காலுக்கு என்ன கிடைத்தது? தலைமுறை தலைமுறையாக அதன் தழைச்சத்தை அள்ளி அடுத்தவன் புஞ்சையில் கொட்டியிருக்கிறோம். ஒரு பிடி திருப்பிப் போடவில்லை.

யூரியா வாங்கிப் புறம்போக்கில் தூவ யாரிடம் காசு இருக்கிறது? பயறுச் சாதிச் செடி தழைச்சத்தைச் சும்மா செய்து கொடுக்கும். கடலை பிடுங்கும்போது வேரில் மணி மணியாக ஒட்டியிருக்குமே, ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். செடி உதிர்க்கும் இலையிலும் மட்கும் வேரிலும் ஆட்டுப் புழுக்கையிலுமாக அந்தச் சத்து பக்கத்துப் புல்லுக்குப் போய்ச் சேரும். தீவனமாகவும் சும்மா இல்லை. காய்ந்த புல்லில் நூற்றுக்கு ஐந்து பங்கு புரதம் தேறுவதே பாடு. முயல் மசால் பதினைந்து வரை கொடுக்கும். சினைக் கன்னி ஆட்டுக்கும் பால் கொடுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கண்ட விதையைக் கண்ட மண்ணில் வீசாதீர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செவலுக்கும் சரளைக்கும் முயல் மசால். சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசலில் அது திணறும். அங்கே சங்குப்பூவும் வேலி மசாலும் நரிப்பயறும். வாசலில் பூவுக்கு வைக்கும் அதே சங்குப்பூதான். ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் களிமண் நிலத்தில் மாட்டு மேய்ச்சலுக்கே அதை விதைக்கிறார்கள். கூடவே கொழுக்கட்டைப்புல்லும் கலந்து தூவ வேண்டும், பயறு தனியாக மேய்ச்சல் நிலம் ஆகிவிடாது. விதைக்கும் யோசனைக்கும் கோவிலாங்குளத்தில் இருக்கும் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

மசால் விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பாதி முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, நாலு நிமிசம் ஆறவிட்டு, விதையைப் போட்டு நாலைந்து நிமிசத்தில் வடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் ஆறின கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் நுண்ணுயிர் செத்துப்போகும். பட்டாசு மருந்துக் கலவையை வெயிலில் உலர்த்திப் பழகிய நம் கைக்கு இது கொஞ்சம் தலைகீழ்ப் பாடம்.

ஒரு வேடிக்கை தெரியுமா? நாம் திட்டும் வேலிக்கருவையும் பயறுக் குடும்பம்தான். அதன் நெற்றைத் தின்ற ஆடுதான் புழுக்கையோடு விதையை ஊரெல்லாம் போட்டது. முயல் மசால் விதையிலும் ஒரு பங்கு அப்படிச் செரிக்காமல் வெளியே விழும். கருவையைப் பரப்பிய ஆட்டையே இதற்கும் வேலை வாங்குவோம்!

"விதைச்சு மூடி வச்சா ஆட்டை எங்கே கொண்டு போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மொத்தத்தையும் மூடச் சொல்லவில்லை, காலில் ஒரு பங்கு போதும். ஐப்பசியிலிருந்து தை வரை ஓடைக்கரையும் கண்மாய்க்கரையும் பச்சையாக இருக்கும், அங்கே ஓட்டுங்கள். வெட்டிய கருவை முள்ளையே வேலியாக வையுங்கள். விதை முற்றி உதிரும் வரை ஒரு குட்டிகூட உள்ளே போகக்கூடாது. என் ஆடு உட்பட. முதல் வருசம் செடி சவலையாகத்தான் நிற்கும், அதைப் பார்த்து மனம் தளர்ந்து வேலியைப் பிரித்துவிடாதீர்கள். பட்டாசு ஷெட்டுகளை ஒட்டி மட்டும் விதைக்க வேண்டாம். கோடையில் காய்ந்த புல் அங்கே இருக்கவே கூடாது.

நிலத்தை யாராவது வளைத்திருந்தால்? ஊர்ப் பொது நிலத்தில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 28 ஜனவரி 2011 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புல எண்ணோடு அக்டோபர் 2 கிராம சபைக்கு வாருங்கள். மேய்க்காலை அளந்து கல் நடவும், காலில் ஒரு பங்கை விதைப்புக்கு மூடவும் தீர்மானம் போடாமல் எழுந்திருக்காதீர்கள்.

ஆள் பலத்துக்குக் கவலையில்லை. தீபாவளி முடிந்தால் ஆலையில் வேலை குறையும், மழை பெய்தால் உலர்த்த வழியில்லாமல் அன்றைக்கு லீவு. மற்றவர்களுக்குக் கூலி போன நாள், நமக்கு விதைக்கிற நாள். முதல் மழை பெய்து மண் இறங்கிய மறுநாள் விடிகாலை, மந்தைப் பிள்ளையார் முன்னால் கூடுவோம். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, நிழலில் உலர்த்திய விதையோடு ஒரு சொம்பு. அரிவாள் உள்ளவர்கள் முள் வெட்ட முந்தின நாளே வந்துவிடுங்கள்.