வெளியேறும் வாசல் விரிகிறது, நுழையும் வாசல் எங்கே?

முதலாண்டு பட்டப்படிப்பை முடித்த மகளோ மகனோ இருக்கும் உழைப்பாளிக் குடும்பங்களில் இப்போது புதிதாக ஒரு கேள்வி நுழைந்திருக்கிறது. “ஓராண்டுக்கே சான்றிதழ் தருகிறார்களாம். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, வசதி வந்தபின் பெரிய பல்கலைக்கழகத்தில் மீதியைப் படித்துக்கொள்ளலாமா?” தொழிற்சங்கத்திலும் வெகுஜன அமைப்புகளிலும் பணியாற்றும் நம் தோழர்களிடம்தான் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. நம்மில் சிலரும், “பாதியில் நின்று வெறுங்கையோடு போவதைவிட ஒரு சான்றிதழாவது மிஞ்சுமே” என்று பதில் சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில் பிறக்கும் இந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையின் முக்கிய அம்சங்களுள் ஒன்று, “பல நிலைகளில் நுழைவும் வெளியேற்றமும்” என்ற ஏற்பாடு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, ஓராண்டில் 40 கிரெடிட் பெற்றவர் சான்றிதழோடும், ஈராண்டில் 80 கிரெடிட் பெற்றவர் பட்டயத்தோடும் வெளியேறலாம். மூன்றாண்டில் 120 கிரெடிட்டுக்குப் பட்டம். நான்காண்டில் 160 கிரெடிட்டுக்கு ஆனர்ஸ் பட்டம். சான்றிதழோடோ பட்டயத்தோடோ இடையில் வெளியேறுபவர் கோடைக்காலத்தில் 4 கிரெடிட் மதிப்புள்ள தொழில்சார் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அவர் மூன்றாண்டுகளுக்குள் திரும்பிச் சேர வேண்டும். ஏழாண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க, 2021 ஜூலையில் கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகள் அறிவிக்கப்பட்டன. ஒரு கல்லூரியில் ஈட்டியதை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பதே இதன் கவர்ச்சி.

எப்போது வெளியேறுவது, எங்கே மாறுவது என்பதெல்லாம் இனி மாணவரின் சுதந்திரமான தேர்வு என்கிறது ஆளும் வர்க்கப் பிரச்சாரம். யாருடைய சுதந்திரம் இது?

கிரெடிட் வேறு, இடம் வேறு

வங்கியில் பணம் போட்டவர் கேட்கும்போது வங்கி அதைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். கிரெடிட் வங்கிக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. கணக்கில் 40 கிரெடிட் இருக்கிறது என்பதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் அந்த மாணவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. அவர் விரும்பும் துறையில் இரண்டாமாண்டில் காலியிடம் இருக்க வேண்டும். முன்பு படித்த பாடங்கள் புதிய பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும். கட்டணம் கட்ட வழியிருக்க வேண்டும். வேறு ஊர் என்றால் விடுதி கிடைக்க வேண்டும். இத்தனையும் ஒரே ஆண்டில், அதுவும் மூன்றாண்டுக் கெடுவுக்குள், கூடிவர வேண்டும்.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே தேர்வுதான். அவர் ஓராண்டு ஒதுங்கி வேறொரு நிறுவனத்தில் சேரலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம். கட்டிடத் தொழிலாளியின் மகள் வெளியேறும் தேதியைத் தீர்மானிப்பது அவளது விருப்பமல்ல. தந்தையின் விபத்தும், வட்டிக் கடனும், வரன் பார்க்கத் தொடங்கிய உறவினர்களும் அதைத் தீர்மானிக்கிறார்கள். வெளியேறியவள் திரும்பி வரும் தேதியைத் தீர்மானிக்க எவருமில்லை.

அமெரிக்கப் படிப்பினை

இந்த ஏற்பாட்டின் மூலத்தை அமெரிக்காவில் காணலாம். அங்கே ஈராண்டு சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் சேர்ந்து, பின்னர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி நெடுங்காலமாக உள்ளது. கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் மேல்நிலையிலுள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும், மேல்நிலையிலுள்ள மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளையும் ஒதுக்கியது. ஏனையோருக்குச் சமுதாயக் கல்லூரி. பின்னர் மாறிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியும் சேர்ந்தே வந்தது.

அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், இத்தகைய கல்லூரிகள் மாணவரின் ஆசையைச் சூடு தணிக்கும் பணியைச் செய்கின்றன என்று எழுதினார். மாணவரை எவரும் வெளியே தள்ளுவதில்லை. ஆலோசனை கூறி, தேர்வு வைத்து, சிறிய படிப்பைக் காட்டி, உன் தகுதி இவ்வளவுதான் என்று அவரே ஏற்கும்படி செய்கிறார்கள். தோல்வி அமைப்பினுடையதாக இல்லாமல் தனிமனிதருடையதாக மாறிவிடுகிறது.

அதன் விளைவை அந்நாட்டின் கணக்குகளே சொல்கின்றன. சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் மிகப் பெரும்பாலோர் பட்டம் பெறும் எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். 2015இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பல்கலைக்கழகத்துக்கு மாறினர். ஆறாண்டில் பட்டம் பெற்றவர் 16 சதவீதம் மட்டுமே. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாம் ஈட்டிய கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. பெருந்திட்டம் வகுத்து ஐம்பது ஆண்டு கழிந்தபின், 2010இல்தான் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றி, மாற்றத்துக்கான ஈராண்டுப் பட்டம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உண்டு என்று உறுதியளித்தது. கிரெடிட் மட்டும் போதாது, இடத்துக்கும் உத்தரவாதம் வேண்டும் என்று அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நம் ஆட்சியாளர்கள் அங்கிருந்து கிரெடிட்டை இறக்குமதி செய்தார்கள், உத்தரவாதத்தை விட்டுவிட்டார்கள்.

இங்கே நடந்தவை

சமுதாயக் கல்லூரி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1990களின் நடுப்பகுதியிலேயே புதுச்சேரியிலும் சென்னையிலும் அது தொடங்கிவிட்டது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மானியக் குழு அதைத் தேசியத் திட்டமாக்கியது. தொடர்ந்து வந்த பி.வோக். படிப்பில் ஓராண்டுக்குப் பட்டயம், ஈராண்டுக்கு உயர்பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம் என்று இதே படிகள் வைக்கப்பட்டன. டெல்லி பல்கலைக்கழகம் 2013இல் கொண்டுவந்த நான்காண்டுப் படிப்பிலும் இடையில் வெளியேறும் வழி இருந்தது. ஆசிரியர்களும் இடதுசாரி மாணவர் அமைப்புகளும் நடத்திய போராட்டத்தின் பின்னணியில் 2014 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே நான்காண்டுப் படிப்பு 2022இல் புதிய கல்விக் கொள்கையின் பெயரால் மீண்டும் வந்துவிட்டது.

2023 செப்டம்பரில், ஆளுங்கட்சி உறுப்பினர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவே இந்த ஏற்பாடு குறித்து ஐயம் எழுப்பியது. மேலை நாடுகளில் நடைமுறையிலுள்ள இந்த முறை இந்திய நிறுவனங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், எத்தனை பேர் வெளியேறுவர், எத்தனை பேர் திரும்புவர் என்று கணிப்பது கடினம், மாணவர் ஆசிரியர் விகிதம் குலையும் என்று அக்குழு கூறியது. அரசு நிற்கவில்லை. காரணம் வெளிப்படையானது. 2021-22 கணக்கெடுப்பில் 28.4 சதவீதமாக இருந்த உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை 2035க்குள் 50 சதவீதமாக்குவோம் என்று சொல்லியாயிற்று. கோத்தாரி குழு பரிந்துரைத்த, புதிய கொள்கையும் ஒப்புக்குச் சொல்லும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் என்ற ஒதுக்கீட்டைத் தர மனமில்லை. ஆகவே நேற்றுவரை இடைநிற்றல் என்று எழுதப்பட்டது, நாளை முதல் “சான்றிதழ் பெற்றார்” என்று எழுதப்படும். ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை இணையவழியில் படிக்கலாம் என்ற 2021ஆம் ஆண்டு விதிமுறையையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பறையும் ஆசிரியர் பணியிடமும் எப்படிச் சுருங்கும் என்பது விளங்கும்.

சான்றிதழின் மதிப்பு

“வெறுங்கைக்கு ஒரு சான்றிதழ் மேல்” என்ற வாதத்துக்கு வருவோம். இதில் ஓர் உண்மை உண்டு. இரண்டாமாண்டில் படிப்பை விட்ட பெண்ணின் உழைப்பு முன்பு எந்த ஏட்டிலும் பதிவாகாமல் போனது. அந்த உழைப்பு பதிவாவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும்? ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வுக்குச் செல்லாது. வங்கி அதிகாரித் தேர்வுக்கும் செல்லாது. அவற்றுக்குப் பட்டம் வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் பயன்படுவது, குறைந்த கூலிக்குப் பாதிப் பயிற்சி பெற்ற கைகளைத் தேடும் ஒப்பந்த முதலாளிக்கு. தொழிற்பள்ளி வகைகள் பெருகுவது ஜனநாயகம் போலத் தோன்றினாலும் வர்க்க வேறுபாட்டை நிலைப்படுத்தவே செய்யும் என்று கிராம்சி சிறைக்குறிப்புகளில் எச்சரித்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

மாறிச் செல்லும் ஏணி கூடாது என்பதல்ல நம் நிலைப்பாடு. பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரும் முறை நாட்டில் பல்லாண்டுகளாக இயங்குகிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவ்வழியே பொறியாளர் ஆகியிருக்கிறார்கள். அங்கே பட்டயம் முழுமையான படிப்பு, சேருவதற்கான இடங்களும் விதிப்படி ஒதுக்கப்படுகின்றன. இடம் ஒதுக்கப்பட்டால்தான் ஏணி ஏணியாக இருக்கும்.

ஆகவே நம்மிடம் கேட்கும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்வோம். சேர்ந்த படிப்பைப் பட்டம் வரை விடாதிருக்கவே முதலில் முயல வேண்டும். கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை, விடுதி ஆகியவற்றுக்காக மனு எழுதுவதும் உடன் அலைவதும் நம் தோழர்களின் வேலை. சமுதாயக் கல்லூரியிலோ பட்டயப் படிப்பிலோ இருப்பவர், அதை முழுமையாக முடித்து, சேரவிருக்கும் பல்கலைக்கழகம் எந்தெந்தப் பாடங்களை ஏற்கும் என்பதை எழுத்துமூலம் பெற்று, அங்கே இடம் உறுதியான பின்னரே மாற வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இடையில் வெளியேறக் கூடாது. வெளியேறியே தீர வேண்டிய நிலை என்றால், மூன்றாண்டு, ஏழாண்டுக் கெடுக்களை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

தனித்தனிக் குடும்பத்துக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடியாது. திரும்பி வருவோருக்கு ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் இடங்களைச் சட்டப்படி ஒதுக்க வேண்டும். அந்த இடங்களில் இடஒதுக்கீடு முழுமையாகப் பின்பற்றப்பட வேண்டும். இடைவெளி விழுந்ததைக் காரணம் காட்டி உதவித்தொகையை மறுக்கக் கூடாது. எத்தனை பேர் வெளியேறினர், எத்தனை பேர் திரும்பினர் என்ற கணக்கை, சாதி, பாலினம், வருமானம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வறுமையால் எவரும் முதலாண்டோடு வெளியேறாதபடி பொதுக் கல்விக்கு நிதி ஒதுக்க வேண்டும். இக்கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர், வாலிபர், மாதர் அமைப்புகளோடு தொழிற்சங்கங்களும் சேர்ந்து எழுப்ப வேண்டும். தொழிலாளியின் மகளுக்கு முழுப் பட்டம் பெறும் உரிமை உண்டு. ஓராண்டுச் சான்றிதழைக் காட்டி அந்த உரிமையைத் தட்டிப் பறிக்க அனுமதியோம்.