உம்ராப் பயணமும் ஏறி இறங்கும் கட்டணமும்

 

உம்ராவுக்குப் பணம் சேர்த்துவிட்ட குடும்பங்களில் இப்பொழுது புதியதொரு வழக்கம் காணப்படுகின்றது. பஜ்ரு தொழுதுவிட்டு வந்ததும் கைப்பேசியைத் திறந்து, திருவனந்தபுரத்திலிருந்து ஜித்தாவுக்கு இன்று என்ன கட்டணம் என்று பார்க்கின்றனர். உயர்ந்திருந்தால் பெருமூச்சு, தாழ்ந்திருந்தால், நாளை இன்னும் குறையலாம் என்ற ஆசை. இப்படியே மாதங்கள் கழிகின்றன. வயது முதிர்ந்த பெற்றோரின் முழங்கால்கள் மட்டும் காத்திருப்பதில்லை.

விலை ஏறி இறங்குவது தென்காசிக்காரர்களுக்குப் புதிதன்று. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அறை வாடகை ஏறும். அருவியில் குளிக்கத் தடை என்ற அறிவிப்பு வந்தால் அதே அறை பேரத்துக்கு இறங்கி வரும். ஆனால் பொதிகை ரயிலின் படுக்கை வசதிப் பெட்டியில், அறுபது நாட்களுக்கு முன் பதிவு செய்தவரும் பத்து நாட்களுக்கு முன் பதிவு செய்தவரும் ஒரே கட்டணத்தையே செலுத்துகின்றனர். விமானத்தையும் ரயிலைப் போல் எண்ணியே நாம் ஏமாறுகின்றோம்.

அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் பிரிவுகளாக்கி விற்கும் முறை வளர்ந்தது. மலிவான பிரிவு தீர்ந்ததும் அடுத்த பிரிவு திறக்கும். நால்வர் செல்லும் குடும்பம் நால்வருக்கும் சேர்த்துத் தேடும்போது, மலிவில் இரண்டே இடம் எஞ்சியிருந்தால், பெரும்பாலும் நால்வருக்கும் மேல்விலையே காட்டப்படும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

உல்லாசக் கப்பல்களில் நிலை வேறு. 2022 முதல் சென்னையிலிருந்தும் அத்தகைய கப்பல் புறப்பட்டிருக்கின்றது. புறப்படும் நாள் நெருங்கியும் அறை காலியாக இருந்தால் அங்கே விலையைக் குறைப்பதுண்டு. ஏறியவர் உள்ளே செலவழிப்பார் என்பது கணக்கு. விமானத்தில் கடைசி நேரத்தில் வருபவர் யார்? மரணச் செய்தி கேட்டவர், வேலைக்கு அவசரமாகத் திரும்புபவர். அவரிடம் எவ்வளவும் கேட்கலாம் என்பதால் விலை ஏறுகின்றது. எனவே கடைசி வாரம் வரை காத்திருக்கும் துணிச்சல் உம்ராவுக்கு உதவாது.

(நம் முன்னோர் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றனர். அந்தக் கடற்பயணம் 1995இல் நின்றுபோயிற்று. 1930களின் பிற்பகுதியில் மொகல் லைன், சிந்தியா ஆகிய இரு கப்பல் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஹாஜிகளின் கட்டணத்தைக் குறைத்த வரலாறும் உண்டு.)

ரமளானில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஹஜ் நெருங்கும்போது உம்ரா விசா நிறுத்தப்பட்டு, ஹஜ் முடிந்தபின் மீண்டும் வழங்கப்படும். ஆகவே முஹர்ரம், ஸபர் மாதங்களில் மலிவு என்று பலர் சொல்வர். அது பாதி உண்மையே. ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்வதால், 2026இல் முஹர்ரம் ஜூன் நடுவில் வருகின்றது. அது வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை நெருங்கும் காலம். கேரளக் குடும்பங்கள் ஊர் திரும்பும் வேளையில் நமது திரும்பு பயணம் அமைந்தால், மலிவு ஏது? ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் மீண்டும் வளைகுடா செல்லும்போது நமது போக்குப் பயணத்தில் கை கடிக்கும். செங்கோட்டைக் கணவாயைக் கடந்து விமானம் ஏறுகின்ற நாம், பிறைக் கணக்கோடு ஓணத்தையும் பார்க்க வேண்டும். மதுரை வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாகன வாடகையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸபர் மாதம் பீடை, பயணம் ஆகாது என்று இன்னும் சில மூத்த பெண்மணிகள் தடுப்பதுண்டு. அந்த நம்பிக்கையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மறுத்துவிட்டார்கள்.

என் யோசனை இதுதான். இவ்வளவுதான் நம்மால் இயலும் என்ற உச்சவரம்பைக் குடும்பத்தோடு முதலில் முடிவு செய்யுங்கள். பயணத்துக்கு நான்கைந்து மாதங்கள் இருக்கும்போதே தொடங்கி, வாரம் ஒருமுறை, போக்கும் வரவும் சேர்ந்த கட்டணத்தைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஆறேழு வாரங்களில் அதன் ஏற்ற இறக்கம் விளங்கும். வரம்புக்குள் வந்து, குறிப்பேட்டின் தாழ்ந்த விலையையும் ஒட்டியிருந்தால் வாங்கிவிடுங்கள்; பிறகு பார்க்காதீர்கள். இன்று மலிவு என்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கிப் புறப்படுவதை என்னால் ஏற்க இயலாது. வசதியுள்ளவருக்கே ஹஜ்ஜும் கடமை எனும்போது உம்ராவுக்கு ஏன் இந்த அவசரம்?

ஒரே இருக்கைக்கு இருவரிடம் இரு விலை வாங்குவது கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கும் வேளையில் விலை இருவருக்கும் தெளிவாகத் தெரிந்து, மனம் ஒப்பி முடித்தால் அதில் தடையில்லை. ஆனால் சில முகவர்கள், "முன்பணம் கொடுங்கள், டிக்கெட் விலையைப் பொறுத்து மீதியைப் பிறகு சொல்கிறோம்" என்கின்றனர். விலை அறியாமல் செய்யும் இவ்வுடன்பாடு மார்க்கம் தடுத்த வகையைச் சார்ந்தது. பின்னால் மனக்கசப்புக்கும் இதுவே வித்து. மொத்தத் தொகை, பயண நாள், ஹோட்டலுக்கும் ஹரமுக்கும் உள்ள தொலைவு, பயணம் ரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்கிய பின்னரே முன்பணத்தைக் கொடுங்கள்.