பச்சையாக இருந்தால் தீட்டில்லை

சென்ற மாதம் ஆய்வு மாணவத் தோழர்கள் சிலருடன் புதுச்சேரியில் ஓர் இயற்கை உணவகத்துக்குப் போயிருந்தேன். பச்சைக் காய்கறி சாலட் வந்தது. வெள்ளரி, தக்காளி, முளைகட்டிய பயறு. மேலே தூவியிருந்த சதைப்பற்றான சின்ன இலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பருப்புக்கீரை! செல்லிப்பட்டில் அம்மா களையெடுத்துவிட்டு வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வருகிற அதே கீரை. ஒரு கிண்ணத்தின் விலை அம்மாவின் ஒரு நாள் கூலியை நெருங்கியிருந்தது.

சொன்னேன். "உங்க அம்மாதான் தோழர் உண்மையான ஆர்கானிக்" என்றார் ஒருவர். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உறுத்தியது. அம்மா அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. காய் வாங்கக் காசில்லாததால் பறித்தார். அதுவும் நிலத்துக்காரர் கண்டுகொள்ளாவிட்டால்தான். இல்லையென்றால் கீரையோடு வசவும் சேர்ந்து வரும்.

சங்கராபரணி ஓடுகிற ஊர் எங்களுடையது. ஆறு ஒன்று, வயல்வெளி ஒன்று. ஊரும் காலனியும்தான் வேறு வேறு. மிஞ்சிய கீரையைக் கட்டாகக் கட்டி அம்மா ஊர்த்தெருவில் விற்பார். பேரம் பேசி வாங்கிக்கொள்வார்கள். அதே கீரையை அம்மா கடைந்து கொடுத்தால் ஒரு வீட்டிலும் வாங்க மாட்டார்கள். பச்சையாக இருக்கும்வரை தீட்டில்லை, எங்கள் அடுப்பில் ஏறினால் தீட்டு. சாதி இந்துக்களின் உணவுச் சட்டம் இதுதான். எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் சமையல் வேண்டாம்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் போராடினார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அந்தச் சத்துணவில் போட்ட காயும் கீரையும் யார் கைபட்டு விளைந்தவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்படியானால் இயற்கை வேளாண்மையே மேட்டுக்குடி விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. நஞ்சில்லா விவசாயம் எல்லோருக்கும் முன்பாக நமக்குத்தான் தேவை. சாப்பிடுகிறவருக்கு நஞ்சு எச்சமாக வருகிறது, தெளிக்கிறவருக்கு நேராக மூச்சில் ஏறுகிறது. 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். களைக்கொல்லி இன்னொரு வேலையும் செய்கிறது. களையெடுக்கும் பெண்களின் கூலியைப் பறிக்கிறது, வீட்டுக்கு வந்த கீரையையும் சேர்த்துக் கருக்குகிறது.

ஆனால் களைக்கொல்லியை நிறுத்தினால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. களையெடுக்கக் குனிவது மறுபடியும் எங்கள் பெண்கள்தான். இயற்கை விளைபொருள் என்று முத்திரை வாங்க முதலில் நிலம் வேண்டும். தேசிய இயற்கை வேளாண் திட்டத்தின் விதிப்படி, ஆண்டுப் பயிர் விளையும் நிலத்தை மாற்றுவதற்கே பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில், அடுத்த போகம் கிடைக்குமா என்றே தெரியாதவர் எப்படிக் காத்திருப்பார்? 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்களிடம் உள்ள சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பொட்டலத்தில் இருக்கும் பச்சை முத்திரை மண்ணின் தூய்மையைச் சொல்லும். அந்த மண் யார் பெயரில் இருக்கிறது, அதில் குனிந்தவருக்குக் கூலி எவ்வளவு என்று சொல்லாது.

வேறு வழி இருக்கிறது. தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், கூட்டாக நிலம் குத்தகைக்கு எடுத்துச் சிறுதானியம் விளைவித்தார்கள். விதையைத் தாங்களே காத்தார்கள். வயலில் தானாக முளைக்கும் கீரைகளைக் களை என்று தள்ளாமல் உணவு என்று பட்டியலிட்டார்கள். 2019-இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நிலத்தில் கை ஊன்றியதால்தான் அவர்களால் அது முடிந்தது.

புதுச்சேரியில் நாம் கேட்க வேண்டியதும் இதுதான். புறம்போக்கு நிலங்களையும் கோயில் நிலங்களையும் எழுத்துப்பூர்வமான நீண்டகாலக் குத்தகையில் தலித் பெண்கள் குழுக்களுக்குக் கொடுங்கள். இயற்கை வேளாண்மைக்கு ஒதுக்கும் பணத்தில் நிலமற்றவருக்கும் பங்கு கொடுங்கள். களையெடுப்புக்கு ஆணுக்கு நிகரான கூலி கொடுங்கள்.

தோழர்களே, சாலட் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் கடைக்காரரிடம் "மருந்து அடிச்சதா?" என்று கேட்கும்போது, "பறிச்சவங்களுக்கு என்ன கூலி? நிலம் யாருது?" என்றும் கேளுங்கள். அப்படியே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். அதே பருப்புக்கீரையை அம்மா பூண்டு போட்டுக் கடைந்து வைப்பார். சோற்றில் பிசைந்து சாப்பிடலாம்.