இதயத்தின் கசிவைப் பிடிக்கும் ஆன்டிபாடி!

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், இ.சி.ஜி-யோடு 'ட்ரோபோனின்' என்ற ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். இதயத்தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் புரதம் அது. தசை செல்கள் சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும். அந்தத் துளியூண்டு கசிவைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வது, ஆய்வகத்தில் உருவாக்கிய ஆன்டிபாடி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கை, கால் தசைகளிலும் ட்ரோபோனின் உண்டு. அமைப்பில்தான் சிறு வித்தியாசம். 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹூகோ கட்டுஸ் குழுவினர் 'ட்ரோபோனின் டி' பரிசோதனையை உருவாக்கினார்கள். அதன் முதல் வடிவத்தில் இருந்த ஓர் ஆன்டிபாடி, கை, கால் தசைப் புரதத்தோடும் கொஞ்சம் ஒட்டியது. பலத்த தசைக்காயம் பட்டவருக்கும் 'இதயத்தில் பாதிப்போ' என்ற சந்தேகம் கிளம்பியது. இதயப் புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்ட பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. புரதம் கசிந்தால்தான் ஆன்டிபாடியால் பிடிக்க முடியும். வலி தொடங்கிய உடனே எடுத்த டெஸ்ட் 'நார்மல்' என்றுகூட வரலாம். அதனால்தான் சில மணி நேரத்தில் மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். 'அதான் நார்மல்னு வந்துடுச்சே, வெறும் வாயுப் பிடிப்புதான்' என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்!